இரும்பாணி ஏன் கறுத்தது? ரெக்கார்டில் எதை எழுதச் சொல்வது?

கோத்தகிரி டீச்சர்:

பத்தாம் வகுப்புக்கு வேதிவினைகளின் வகைகள் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒற்றை இடப்பெயர்ச்சிக்கு (ஓர் உலோகம் இன்னொன்றை அதன் உப்பிலிருந்து வெளியே தள்ளுவது) எல்லோரும் செய்யும் இரும்பாணி, காப்பர் சல்பேட் சோதனைதான் செய்தோம். இரண்டு குழுக்களுக்கும் ஒரே புட்டியிலிருந்துதான் கரைசல் ஊற்றினேன். ஆனால் கண்டது வேறு வேறு.

முதல் குழு லேபில் இருந்த ஆணியைப் போட்டது. செம்பழுப்புப் படிவு வந்தது. நீல நிறம் மட்டும் பீரியட் முடியும்வரை கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது குழுவில் ஒரு பையன் வீட்டிலிருந்து ஆணி கொண்டுவந்திருந்தான். அதைப் போட்ட உடனேயே கறுப்பாகப் பஞ்சு மாதிரி ஏதோ படிய ஆரம்பித்தது. ஆணியைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள். மறுநாள் காலையில் பார்த்தால் நீலம் போயிருந்தது, ஆனால் பச்சை வரவில்லை. கிட்டத்தட்டத் தண்ணீர் நிறம்.

ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பார்த்தால் இரண்டு குழுவும் காண்பன பகுதியில் ஒரே வரியை எழுதியிருக்கிறார்கள்: "நீல நிறம் வெளிர் பச்சையாக மாறியது. ஆணியின் மீது செம்பழுப்புப் படிவு உண்டானது." பச்சையை ஒருவரும் பார்க்கவில்லை!

இரண்டு கேள்விகள். ஒன்று, இரண்டாவது குழுவின் சோதனைக் குழாயில் என்னதான் நடந்தது? இரண்டு, நோட்டில் இருப்பதை அடித்து எழுதச் சொல்வதா, விட்டுவிடுவதா?

குன்னூர் டியூஷன்:

டீச்சர், குளிர்தான் காரணம். டிசம்பர் காலையில் நம் ஊரில் எந்த வினை ஒழுங்காக நடந்திருக்கிறது? மதியம் வெயில் வந்த பிறகு செய்து பாருங்கள். நோட்டில் இருப்பதை அப்படியே விடுங்கள். பாடத்தில் பச்சை என்றால் பச்சைதான். விடைக்குறிப்பிலும் அதுதான் இருக்கும். பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

மஞ்சூர் லேப் அண்ணன்:

குளிரால் வினை மெதுவாகும். கறுப்பாகாது, குமிழும் வராது. அந்தப் பையன் கொண்டுவந்தது என்ன ஆணி? பளபளவென்று இருந்ததா, சாம்பல் கலந்த வெள்ளையா? தலை அகலமா?

கோத்தகிரி டீச்சர்:

சாம்பல் கலந்த வெள்ளை. தலை நல்ல அகலம். அவர்கள் வீட்டுக்குக் கூரை ஷீட் மாற்றியபோது மிச்சமானதாம்.

மஞ்சூர் லேப் அண்ணன்:

அப்போ ஜி.ஐ. ஆணி. மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள். மழை ஊரில் ஷீட்டுக்கு அதைத்தான் அடிப்பார்கள், இல்லையென்றால் ஒரே பருவத்தில் துருப்பிடித்துவிடும். மீதியைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

கொடை வேதியியல்:

அண்ணன் பிடித்துவிட்டார். விவரமாகச் சொல்கிறேன், வகுப்பில் உதவும்.

உலோகங்களின் வினைபடுதிறன் வரிசையில் துத்தநாகம் இரும்புக்கு மேலே, தாமிரம் இரண்டுக்கும் கீழே. ஜி.ஐ. ஆணியைப் போட்டால் கரைசலைத் தொடுவது துத்தநாகம்தான், இரும்பு இல்லை. துத்தநாகம் தாமிரத்தை இன்னும் வேகமாக வெளியே தள்ளும். வேகமாக வரும் தாமிரம் மிக நுண்ணிய துகளாகப் படிவதால் செம்பு நிறமே தெரியாது, கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். அந்தப் பஞ்சை வடிகட்டிக் காயவைத்துக் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் செம்பு மினுங்கும். பிள்ளைகளைச் செய்யச் சொல்லுங்கள், அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கரைசலில் மிஞ்சுவது ஜிங்க் சல்பேட். அதற்கு நிறம் கிடையாது. அதனால்தான் தண்ணீர் நிறம். குமிழுக்கும் காரணம் உண்டு. காப்பர் சல்பேட் கரைசல் லேசாக அமிலத்தன்மை உள்ளது, நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். அந்த அமிலத்தோடு துத்தநாகம் வினைபுரிந்து ஹைட்ரஜன் வருகிறது.

நான் சொன்னதை நம்ப வேண்டாம், சோதித்தே பார்க்கலாம். நீலம் முழுக்கப் போன கரைசலைக் கொஞ்சம் எடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விடுங்கள். துத்தநாகமாக இருந்தால் வெள்ளையாக ஜெல்லி போன்ற வீழ்படிவு (கரையாமல் பிரிந்து நிற்கும் பொருள்) வரும். இன்னும் அதிகம் விட்டால் அதுவே கரைந்துவிடும். இரும்பாக இருந்தால் அழுக்குப் பச்சை வீழ்படிவு வரும், காற்றுப்படும் மேல்பகுதி கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும், எவ்வளவு விட்டாலும் கரையாது.

முதல் குழுவின் விஷயம் வேறு. அவர்களுக்கு நீலம் குறையாததற்குக் குளிரும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் கரைசலின் அடர்த்தி. அடர் நீலக் கரைசலில் உள்ள தாமிரம் ஏராளம், ஓர் ஆணியின் மேற்பரப்போ சிறியது. அதிலும் படிவு மூட மூட இரும்பு கரைசலைத் தொடுவதே கஷ்டமாகிவிடும். நீங்கள் வெளிர் நீலமாகத் தெரியும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, குழாயில் கால்வாசி மட்டும் ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்த இரண்டு மூன்று ஆணிகளைப் போடுங்கள். பக்கத்திலேயே ஆணி போடாத ஒரு குழாயும் வையுங்கள். நிறம் மாறியதா என்பதை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும், நினைவில் வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. பாடம் சொல்லும் பச்சை, இரும்பு தாமிரத்தைத் தள்ளியபின் கரைசலில் வரும் இரும்பு சல்பேட்டின் நிறம். அது மிகவும் வெளிறியது. ஒரு ராத்திரி திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஆக்ஸிஜனால் மஞ்சள் பழுப்பாகிவிடும். மறுநாள் பார்க்கும் பிள்ளை "மஞ்சளாக இருந்தது" என்று எழுதினால் அது தவறில்லை.

குன்னூர் டியூஷன்:

வேதியியல் எல்லாம் சரி சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த 25-ஐ யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை "கறுப்புப் பஞ்சு" என்று எழுதினால் திருத்துகிறவர் ஏன் எதற்கு என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? கீழே சமவெளியில் படிக்கிற பிள்ளைகள் பாடத்தில் இருப்பதை எழுதி மதிப்பெண் வாங்கிப் போவார்கள். நம் பிள்ளைகள் மட்டும் உண்மை எழுதி மதிப்பெண் இழக்க வேண்டுமா?

இதே சிக்கல் கொதிநிலையிலும் உண்டு. என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் தண்ணீர் 94 டிகிரியில் கொதித்ததாக எழுதியிருந்தான். 100 என்று மாற்றச் சொன்னேன்.

கொடை வேதியியல்:

ஐயையோ, ஏன் மாற்றினீர்கள்? குன்னூரில் 94 தான் சரியான விடை!

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 94-க்குப் பக்கத்தில் வரும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 92.5-க்கு அருகில். கொடைக்கானலில் எங்களுக்கு 93. அந்தப் பையன் தெர்மாமீட்டரைச் சரியாகப் பார்த்திருக்கிறான். நம் ஊரில் பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் எவ்வளவு நேரமாகிறது என்று வீட்டில் கேட்டால் தெரியும்.

100 என்பது கடல் மட்ட வளிமண்டல அழுத்தத்தில் என்று புத்தகமே நிபந்தனையோடுதான் சொல்கிறது. அந்த நிபந்தனையை நாம் வாசிக்காமல் விடுகிறோம். பையனிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கலாம்: பனிக்கட்டி போட்ட தண்ணீரில் உன் தெர்மாமீட்டர் சுழியம் காட்டுகிறதா? காட்டினால் கருவி சரி, 94-உம் சரி.

மதிப்பெண் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதற்கு வழி, காண்பன, அறிவன இரண்டையும் பிரிப்பதுதான். எல்லாப் பள்ளி ரெக்கார்டிலும் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் இருக்கிறது. நடுக் கட்டத்தில் கண், மூக்கு, கை, தெர்மாமீட்டர் சொன்னது மட்டும். மூன்றாவதில் அதிலிருந்து என்ன தெரிகிறது. "ஹைட்ரஜன் வெளியேறியது" என்று காண்பனவில் எழுதும் பிள்ளை ஹைட்ரஜனைப் பார்க்கவே இல்லை. பார்த்தது நிறமற்ற குமிழ். எரியும் குச்சியைக் காட்டி 'பப்' என்று சத்தம் வந்தால் அந்தச் சத்தமும் காண்பன. அதன் பிறகுதான் ஹைட்ரஜன் என்ற பெயர் அறிவனவுக்குள் நுழைய வேண்டும். கறுப்புப் பஞ்சு என்று எழுதிவிட்டு, அறிவனவில் "ஆணியின் மேல் துத்தநாகப் பூச்சு, துத்தநாகம் தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்தது" என்று எழுதிய பிள்ளைக்கு எந்த ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார்?

குன்னூர் டியூஷன்:

குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன் சார். பெயர் சொல்ல மாட்டேன். 94 விஷயத்தில் வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் ஊர் உயரத்தையும் எழுதச் சொல்லலாம்.

தாண்டிக்குடி காப்பி:

நான் வாத்தியார் இல்லை, காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். இந்த ஆணிச் சோதனையை நாங்கள் வருஷா வருஷம் செய்கிறோம், அதனால் உள்ளே வந்தேன்.

காப்பியில் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிப்போம். ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். மயில்துத்தத்தைத் தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மில்தான் செய்வோம், இரும்பு டிரம் ஆகாது. கலந்து முடிந்ததும் பளபளப்பாகத் தேய்த்த கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுப்போம். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கத்தி சுத்தமாக வரும்வரை பார்ப்போம்.

இது எந்த வகை வினையில் வரும் என்று பேரன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கொடை வேதியியல்:

ஐயா, இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் டிரம்மில் இரண்டு வகை வினை இருக்கிறது.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அது நீற்றிய சுண்ணாம்போடு சேரும்போது இரண்டும் ஜோடி மாற்றிக்கொள்கின்றன. தாமிரம் ஹைட்ராக்சைடோடும், கால்சியம் சல்பேட்டோடும் போகின்றன. வான நீலக் குழம்பாகத் தெரிவது அந்தத் தாமிர வீழ்படிவுதான். இது இரட்டை இடப்பெயர்ச்சி. நிஜத்தில் அந்த வீழ்படிவில் சல்பேட்டும் கொஞ்சம் கலந்திருக்கும், பள்ளி மட்டத்துக்கு இவ்வளவு போதும்.

கத்தியில் நடப்பது ஒற்றை இடப்பெயர்ச்சி. சுண்ணாம்போடு சேராமல் கரைசலில் தாமிரம் மிச்சமிருந்தால் மட்டுமே இரும்பு அதை வெளியே தள்ளும். அப்படியானால் முதல் வினை முடிந்ததா என்று கேட்பதற்கு நீங்கள் இரண்டாவது வினையைக் கருவியாக வைத்திருக்கிறீர்கள். இரும்பு டிரம் ஆகாது என்பதும் இதே காரணத்தால்தான், டிரம் முழுக்க ஒரு பெரிய ஆணி.

பேரனிடம் சொல்லுங்கள், அவன் தாத்தா செய்வது பண்புப் பகுப்பாய்வு, அதாவது கரைசலில் என்ன இருக்கிறது என்று கண்டறிவது.

கோத்தகிரி டீச்சர்:

ஐயா, இந்தக் கத்தி விஷயத்தை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். எங்கள் பக்கம் தேயிலையில் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பதால் பிள்ளைகளுக்கு நீல மருந்து பழக்கம்தான்.

பதினொன்று பி:

மிஸ், சார், நான் ஊட்டியில் +1 படிக்கிறேன். எனக்கு இரண்டு சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது, இங்கே கேட்கலாமா?

ஒன்று, ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் கலங்கி மஞ்சள் வெள்ளையாகிறதே, அது சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்ற ஐந்து வகையில் எது? எதிலும் உட்கார மாட்டேன் என்கிறது. இரண்டு, நவச்சாரத்தை, அதாவது அமோனியம் குளோரைடைச் சூடாக்கினால் பதங்கமாகும் (உருகாமல் நேராக ஆவியாகும்), அதனால் பௌதிக மாற்றம் என்று படித்தேன். ஆனால் +1 புத்தகத்தில் அது சிதைவதாகவும் வருகிறது. எது சரி?

கொடை வேதியியல்:

இரண்டும் நல்ல கேள்வி, பாப்பா.

முதலில் ஹைப்போ. அங்கே ஒரு வினை இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக நடக்கிறது. அமிலமும் சோடியம் தயோசல்பேட்டும் ஜோடி மாறுவதாக வைத்துக்கொள், அது இரட்டை இடப்பெயர்ச்சி. ஆனால் உண்டாகும் தயோசல்பியூரிக் அமிலம் நிலையாக நிற்காது. உடனே கந்தகமாகவும் சல்பர் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் சிதைந்துவிடும். கலங்கலாகத் தெரிவது கந்தகம். மூக்கைப் பிடிக்கும் நெடி சல்பர் டை ஆக்சைடு, அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய். ஆப்பச் சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரைப்பதும் இப்படித்தான்: முதலில் ஜோடி மாற்றம், பிறகு கார்பானிக் அமிலம் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு.

ஐந்து வகை என்பது சமன்பாட்டின் உருவத்தை வைத்துச் செய்த பிரிவு. அதோடு வெப்பம் வந்ததா போனதா என்பது வேறொரு பிரிவு. எலக்ட்ரான் கை மாறியதா என்பது மூன்றாவது பிரிவு. மீளுமா மீளாதா என்பது இன்னொன்று. இவை ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகும். மக்னீசியம் நாடாவை எரித்தால் அது சேர்க்கை, எரிதல், வெப்ப உமிழ்வினை, ஆக்ஸிஜனேற்ற ஒடுக்கம் (எலக்ட்ரான் கை மாறுவது) என நான்கும்தான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் சேர்க்கை, கை சுடும் அளவுக்கு வெப்ப உமிழ்வும் உண்டு, ஆனால் எலக்ட்ரான் மாற்றம் இல்லை. ஒற்றை இடப்பெயர்ச்சி என்றால் எலக்ட்ரான் மாற்றம் கண்டிப்பாக இருக்கும். இரட்டை இடப்பெயர்ச்சியில் சாதாரணமாக இருக்காது. ஆகவே "இது எந்த வகை" என்று யாராவது கேட்டால் "எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்" என்று திருப்பிக் கேட்கலாம், மரியாதையாக.

இப்போது நவச்சாரம். சூடாக்கும்போது அது அமோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. குழாயின் மேலே குளிர்ந்த பகுதிக்கு வந்ததும் இரண்டும் சேர்ந்து மறுபடி வெள்ளைப் படிவாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் திண்மம் ஆவியாகித் திரும்பத் திண்மமானது போலத்தான் தெரியும். கற்பூரமும் நாப்தலீனும் உண்மையாகவே அப்படிப் போகின்றன, மூலக்கூறு உடைவதில்லை. நவச்சாரத்தில் உடைகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சோதனைக் குழாயின் அடியில் கொஞ்சம் நவச்சாரம், நடுவில் தளர்வாகக் கண்ணாடிப் பஞ்சு, வாயருகே ஈரமான சிவப்பு லிட்மஸ், நீல லிட்மஸ் இரண்டும். மெதுவாகச் சூடாக்கு. முதலில் சிவப்புத் தாள் நீலமாகும், சற்றுப் பொறுத்து இரண்டு தாளும் சிவப்பாகும். அமோனியாவின் மூலக்கூறு நிறை 17, ஹைட்ரஜன் குளோரைடுக்கு 36.5. லேசானது முந்தி விரவுகிறது. வெறும் பதங்கமாதலாக இருந்தால் இப்படி முன்பின்னாக வராது. உன் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய், நெடி தொண்டையைக் கமறும்.

குன்னூர் டியூஷன்:

சார், அப்படியானால் "பழைய நிலைக்குத் திரும்பினால் பௌதிக மாற்றம், திரும்பாவிட்டால் வேதி மாற்றம்" என்ற விதி என்ன ஆகிறது? காலகாலமாக அதைத்தான் சொல்லித் தருகிறோம்.

கொடை வேதியியல்:

அந்த விதி ஆறாம் வகுப்புக்கு ஒரு தொடக்கம், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புச் செய்முறையிலேயே அது உடைந்துவிடும். நீலக் காப்பர் சல்பேட் படிகத்தைச் சூடாக்கினால் ஒரு மூலக்கூறுக்கு ஐந்து வீதம் தண்ணீர் வெளியேறி வெள்ளைப் பொடியாகிறது. குழாயின் மேல்பகுதியில் நீர்த்துளி தெரியும். ஆறிய பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும், குழாயைத் தொட்டால் சூடும் தெரியும். பழைய நிலைக்கு வந்துவிட்டது, ஆனாலும் பிணைப்பு உடைந்து சேர்ந்திருக்கிறது. தாமிரத்தோடு பிணைந்திருந்த தண்ணீர் போனதால்தானே நிறமே போனது?

சமவெளிக்காரர்களுக்கு இல்லாத தொல்லை ஒன்று நமக்கு உண்டு. மேகம் இறங்கும் நாளில் அந்த வெள்ளைப் பொடியைத் திறந்து வைத்தால் யாரும் தண்ணீர் விடாமலே ஓரம் நீலம் பூக்கத் தொடங்கும். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இந்துநகர்:

மேகம் என்றதும் வருகிறேன். ஒளிச்சிதைவுக்கு, அதாவது வெளிச்சம் பட்டு ஒரு பொருள் சிதைவதற்கு, யாரும் சில்வர் குளோரைடு செய்து காட்டுவதில்லையா? எங்கள் அப்பா ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-களில் தொடங்கிய ஆலை, 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் வந்தது. அந்த ஆலையின் அடிப்படையே இந்த ஒரு வினைதான். வெள்ளியின் ஹாலைடு உப்பில் வெளிச்சம் பட்டால் வெள்ளி தனியே பிரியும். ஊட்டிப் பிள்ளைகளுக்கு ஒளிச்சிதைவு என்றால் ஏதோ தூரத்து விஷயம் மாதிரி சொல்லித் தருவது எனக்கு வருத்தம்.

சில்வர் நைட்ரேட் விலை அதிகம்தான், ஆனால் சில துளி போதும். உப்புத் தண்ணீரில் விட்டால் வெள்ளைத் தயிர் போல வீழ்படிவு வரும், அது இரட்டை இடப்பெயர்ச்சி. அதை வடிதாளில் பரப்பி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி ஜன்னல் ஓரத்தில் வைத்தால் திறந்த பாதி ஊதா கலந்த சாம்பலாகும். மூடிய பாதி வெள்ளையாகவே இருக்கும்.

மஞ்சூர் லேப் அண்ணன்:

கையுறை போட்டுச் செய்யுங்கள். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்பு ஒரு வாரத்துக்குப் போகாது, சோப்புப் போட்டாலும் போகாது. மேகமூட்டத்தில் நேரம் பிடிக்கும், வெயில் அடிக்கும்போது வையுங்கள். மலையில் வெயிலில் புற ஊதா அதிகம், சீக்கிரம் கறுக்கும்.

பாதுகாப்பு என்று வந்ததால் சொல்லிவிடுகிறேன். யூடியூப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எரிமலை கேட்பார்கள், அம்மோனியம் டைகுரோமேட் எரிமலை. பார்க்க அழகு, ஆனால் அந்தப் புழுதியில் குரோமியம் இருக்கிறது. எங்கள் லேபில் அந்தப் புட்டி பூட்டிய அலமாரியில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். லெட் நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து மஞ்சள் வீழ்படிவு காட்டுவது எல்லோரும் செய்வதுதான், ஆனால் ஈயம். ஆசிரியர் ஒரு குழாயில் காட்டினால் போதும், நாற்பது பிள்ளைகள் கையிலும் கொடுக்க வேண்டாம். அவர்களுக்குச் சலவைச் சோடாவும் கால்சியம் குளோரைடும் கொடுங்கள். வெள்ளை வீழ்படிவு பளிச்சென்று வரும், பயமில்லை.

கொடை வேதியியல்:

மெர்குரிக் ஆக்சைடைச் சூடாக்குவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. 1774-ல் பிரீஸ்ட்லி அதைச் சூடாக்கித்தான் ஆக்ஸிஜனைப் பிரித்தார், அதனால் வெப்பச்சிதைவுக்கு எடுத்துக்காட்டாகப் பழைய புத்தகங்களில் இருக்கும். எங்கள் ஊரில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மண்ணில் கலந்து, 2001-ல் ஆலையை மூடிய கதை எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானல் பள்ளியில் நின்றுகொண்டு பாதரச ஆவியை எழுப்ப எனக்கு மனம் வராது. பச்சைக் காப்பர் கார்பனேட்டைச் சூடாக்கினால் கறுப்பாகிறது, வரும் வாயு சுண்ணாம்பு நீரைப் பால் போலாக்குகிறது. வெப்பச்சிதைவுக்கு அது தாராளம்.

பதினொன்று பி:

சார், ஹைப்போ வினை காலையில் ரொம்ப மெதுவாக இருந்தது. பாத்திரத்துக்கு அடியில் காகிதத்தில் போட்ட பெருக்கல் குறி கலங்கலில் மறையவே இல்லை. மதியம் செய்த பிரிவுக்குச் சீக்கிரம் மறைந்துவிட்டது. அதையும் எழுதலாமா?

கொடை வேதியியல்:

எழுது, கூடவே கரைசலின் வெப்பநிலையையும் எழுது. பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. காலையில் 12, மதியம் 22 என்றால் மறையும் நேரம் பாதிக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் அமிலத்தை இரண்டு பேரும் ஒரே அளவு ஊற்றினீர்களா என்று பார். சமவெளிப் பள்ளிகள் இந்த வித்தியாசத்தைக் காட்டத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும், உனக்கு அது இலவசம்.

கோத்தகிரி டீச்சர்:

செய்து பார்த்துவிட்டோம். ஜி.ஐ. ஆணிக் குழாயில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் வெள்ளை ஜெல்லி வந்தது, அதிகமாக விட்டதும் கரைந்தது. வகுப்பே கூட்டமாக எட்டிப் பார்த்தது. ஆணி கொண்டுவந்த பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முதல் குழுவின் குழாயில் அழுக்குப் பச்சை வரவில்லை, நீல வீழ்படிவுதான் வந்தது. தாமிரம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று ஒரு மாணவி தானே சொன்னாள். தாண்டிக்குடி ஐயாவின் கத்தியைப் பற்றிச் சொல்லியிருந்ததால் அவளுக்கு அது உடனே பிடிபட்டது.

நோட்டு விஷயத்தில் எழுதியதை அடிக்கச் சொல்லவில்லை. அதன் கீழேயே தேதி போட்டு, தான் உண்மையில் பார்த்ததை எழுதச் சொன்னேன். குழாயின் வெப்பநிலை, ஆணியின் வகை, எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தது, இந்த மூன்றும் கட்டாயம். சில பேர் "மாற்றம் எதுவும் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். அதற்கும் டிக் போட்டேன்.

முதல் குழுவுக்குப் பச்சையைக் காட்ட வழி உண்டா? பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சைப் போட்டால் வேகமாகுமா?

மஞ்சூர் லேப் அண்ணன்:

கடையில் கிடைக்கும் பளபளப்புச் சுருள் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், சரியாக வினைபுரியாது. லேபில் இரும்புத்தூள் இருக்கும், காந்தம் பாடத்துக்கு வாங்கியது. வெளிர் நீலக் கரைசலில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். சில நிமிடத்தில் நீலம் போய்விடும், குழாயும் லேசாகச் சூடாகும். வடிகட்டிய உடனே வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், பச்சை தெரியும்.

குன்னூர் டியூஷன்:

டீச்சர், அந்த "மாற்றம் தெரியவில்லை" நோட்டுக்கு டிக் போட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொதுத்தேர்வு நாளில் என்ன எழுதுவார்கள்?

கோத்தகிரி டீச்சர்:

எழுத்துத் தேர்வில் "இரும்பாணியைக் காப்பர் சல்பேட்டில் போட்டால் என்ன நிகழும்" என்று கேட்டால் பாடத்தில் உள்ளதை எழுதுவார்கள் சார், அது அவர்களுக்குத் தெரியும். செய்முறையில் "நீ என்ன கண்டாய்" என்றுதானே கேட்கிறோம்.

குன்னூர் டியூஷன்:

பார்ப்போம் டீச்சர். ரிசல்ட் வரட்டும், அப்புறம் பேசலாம். அந்த 94 பையனின் நோட்டை மட்டும் நானே திருத்திக் கொடுத்துவிட்டேன்.

மஞ்சூர் லேப் அண்ணன்:

கடைசியாக ஒன்று. மிச்சக் காப்பர் சல்பேட்டைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நம் ஊரில் தொட்டித் தண்ணீர் ஓடைக்குத்தான் போகும், தாமிரம் மீனுக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பழைய இரும்பு ஆணிகளைப் போட்டு, நீலம் போகும்வரை வையுங்கள். செம்புத் தூளை வடிகட்டிக் காயவைத்துக் கொள்ளலாம். மேலே நிற்கும் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து ஒரு நாள் விட்டால் இரும்பும் துத்தநாகமும் அடியில் தங்கிவிடும். அந்தச் சேற்றையும் கொட்டாமல் ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

கோத்தகிரி டீச்சர்:

சரி அண்ணே. வாளி வாங்கச் சொல்கிறேன். ஆணி ஜி.ஐ. இல்லாமல் பார்த்து வாங்க வேண்டும் அல்லவா?

மஞ்சூர் லேப் அண்ணன்:

இந்த வேலைக்கு ஜி.ஐ. இருந்தாலும் பரவாயில்லை டீச்சர், இன்னும் சீக்கிரம் முடியும்.